இயந்திரத்தின் பெயரில் ஒரு வாக்குமூலம்: ஜெஃப்ரி டெஸ்கோவிக் வழக்கும் போலீஸ் பாலிகிராஃப் சோதனையாளரின் வரம்பு மீறலும்

2014 அக்டோபரில் நியூயார்க் மாநிலம் வைட் பிளெய்ன்ஸ் நகரிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒரு ஜூரி தன் தீர்ப்பைச் சொன்னது. பட்னம் கவுண்டி ஷெரிஃப் துறையில் பாலிகிராஃப் என்ற பொய் கண்டறியும் கருவியின் சோதனையாளராக இருந்த டேனியல் ஸ்டீபன்ஸ், 16 வயதுச் சிறுவன் ஒருவனை நெருக்கிப் பொய்யான வாக்குமூலம் வரவழைத்தார், அவனுக்கு எதிராக ஆதாரமும் ஜோடித்தார் என்பது தீர்ப்பு. ஜூரி போட்ட இழப்பீட்டுத் தொகை 4 கோடியே 16 லட்சம் டாலருக்கும் மேல். இரு தரப்பும் முன்பே செய்துகொண்ட ஒப்பந்தப்படி பட்னம் கவுண்டி கொடுக்க வேண்டியது அதிகபட்சம் 1 கோடி டாலர்தான் என்பது வேறு விஷயம்.

தவறான தண்டனை பற்றிய வழக்குகளில் துப்பறியும் அதிகாரி மாட்டுவார், தடயவியல் நிபுணர் மாட்டுவார், எப்போதாவது அரசு வழக்கறிஞரின் பெயரும் அடிபடும். பாலிகிராஃப் சோதனை செய்தவர் பெரும்பாலும் ஓரமாக நின்று தப்பித்துவிடுவார். "நான் சோதனை செய்தேன், முடிவைச் சொன்னேன், மீதியெல்லாம் அவர்கள் பாடு" என்று சொல்லிவிடலாம். இந்த வழக்கில் அது எடுபடவில்லை. சோதனை அறைக்குள் என்ன நடந்தது என்பதையே ஒரு ஜூரி எடைபோட்டுப் பார்த்தது. அதனால்தான் இதை விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போலீஸ் பாலிகிராஃப் பற்றிப் பேச்சு வந்தாலே கருவி துல்லியமானதா இல்லையா என்ற இடத்தில் போய் நின்றுவிடுகிறோம். அது முக்கியமான கேள்விதான். ஆனால் இந்த வழக்கில் அநீதி நடந்தது கருவி தப்பாகக் காட்டியதால் அல்ல. சோதிப்பவரும் குற்றம் சாட்டுபவரும் ஒரே ஆளாக இருந்ததால், அந்த ஆள் செய்ததை யாரும் பார்க்க வழியில்லாமல் இருந்ததால்.

நடந்தது என்ன

1989 நவம்பர் 15. வெஸ்ட்செஸ்டர் கவுண்டியிலுள்ள பீக்ஸ்கில் என்ற சிறிய நகரம். 15 வயதுப் பள்ளி மாணவி ஒருத்தி கேமராவோடு வெளியே போனவள் வீடு திரும்பவில்லை. 2 நாள் கழித்து அவள் உடல் ஒரு பூங்காவின் காட்டுப்பகுதியில் கிடைத்தது. பாலியல் வன்முறைக்குப் பிறகு கொல்லப்பட்டிருந்தாள்.

அதே பள்ளியில் படித்த ஜெஃப்ரி டெஸ்கோவிக் மீது போலீஸின் கண் விழுந்தது. காரணங்களைப் பட்டியல் போட்டால் பரிதாபமாக இருக்கும். அவன் தனிமையான பையன், அவள் காணாமல் போன மறுநாள் பள்ளிக்குத் தாமதமாக வந்தான், அவ்வளவாகப் பழக்கமில்லாத பெண்ணின் சாவுக்கு அளவுக்கு மீறி அழுதான். போதாததற்கு, நியூயார்க் நகரப் போலீஸ் அதிகாரி ஒருவர் தயாரித்துக் கொடுத்த கொலையாளியின் உளவியல் வரைவும் அவனோடு ஒத்துப்போவதாக முடிவு செய்தார்கள். பல வாரங்கள் அவனோடு திரும்பத் திரும்பப் பேசினார்கள். பையனுக்கோ போலீஸ் வேலை மேல் ஆசை. புலனாய்வில் தானும் உதவுகிறோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

1990 ஜனவரி 25 அன்று பாலிகிராஃப் சோதனைக்கு ஒப்புக்கொண்டான். சோதனையில் தேறிவிட்டால் போலீஸ் தன்னை நம்பி வழக்கு விவரங்களைப் பகிரும் என்பது அவன் கணக்கு. பீக்ஸ்கில் போலீஸார் அவனைக் காரில் ஏற்றிப் பக்கத்துக் கவுண்டியிலுள்ள ப்ரூஸ்டர் என்ற ஊருக்குக் கொண்டுபோனார்கள். வீட்டில் யாருக்கும் தெரியாது, அவன் பள்ளியில் இருப்பதாகவே நினைத்தார்கள். ப்ரூஸ்டரிலிருந்து தானாக வீடு திரும்ப அவனிடம் வழியில்லை. வக்கீல் இல்லை. பெரியவர் என்று துணைக்கு ஒருவரும் இல்லை.

சின்ன அறை. மணிக்கணக்காக நடந்தது. நாள் முழுக்கச் சாப்பாடு கிடையாது, காபி மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. மூன்று சுற்றுச் சோதனை, இடையிடையே கேள்விகள். ஸ்டீபன்ஸ் சீருடையில் இல்லை. அவர் போலீஸ்காரர் என்பதே தனக்குச் சொல்லப்படவில்லை என்கிறார் டெஸ்கோவிக். கருவி எப்படி வேலை செய்கிறது என்று விளக்கும் தாள் ஒன்றைக் கொடுத்தார்களாம், அதில் பாதிச் சொற்கள் அவனுக்குப் புரியவில்லை. நேரம் ஆக ஆகக் கேள்விகளின் தொனி மாறியது. ஸ்டீபன்ஸ் நெருங்கி வந்தார், குரல் உயர்ந்தது, ஒரே கேள்வியை மறுபடி மறுபடி கேட்டார். கடைசியில், நீ செய்யவில்லை என்று வாயால் சொன்னாலும் சோதனை வழியாகச் செய்ததாகச் சொல்லிவிட்டாயே என்ற பொருளில் பேசினார். இவ்வளவும் டெஸ்கோவிக் பின்னாளில் சொன்னது.

அதன் பிறகு உள்ளே வந்தவர், அதுவரை அவனிடம் அன்பாகப் பேசிவந்த பீக்ஸ்கில் துப்பறிவாளர். மற்றவர்கள் உன்னை ஏதாவது செய்துவிடுவார்கள் போலிருக்கிறது, நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன், அவர்கள் கேட்பதைச் சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவர் சொன்னதாக டெஸ்கோவிக் கூறுகிறார். பையன் உடைந்துபோனான். சொல்லச் சொன்னதைச் சொன்னான். முடியும்போது மேசைக்கு அடியில் உடலைச் சுருட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். இந்தக் கடைசிக் காட்சியைச் சொன்னது டெஸ்கோவிக் மட்டுமல்ல, நீதிமன்ற விசாரணையில் போலீஸ் தரப்பே சாட்சியம் சொன்னது. ஒரு வாக்குமூலம் தானாக மனமுவந்து தரப்பட்டது என்று காட்டுவதற்காகக் கொண்டுவந்த சாட்சியத்தில் இந்தக் காட்சி இருக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

அன்றைய விசாரணை முழுமையாகப் பதிவு செய்யப்படவில்லை. அவன் கையெழுத்திட்ட வாக்குமூலத் தாளும் கிடையாது. என்ன சொன்னான் என்பதற்கு அறைக்குள் இருந்தவர்களின் வார்த்தைதான் ஆதாரம்.

டிஎன்ஏ சொன்னதும் நீதிமன்றம் கேட்டதும்

நீதிமன்ற விசாரணை தொடங்கும் முன்பே எஃப்பிஐ ஆய்வகத்தின் முடிவு வந்துவிட்டது. உடலில் கிடைத்த விந்தணு டெஸ்கோவிக்குடையது அல்ல. வழக்கு அங்கேயே படுத்திருக்க வேண்டும். ஆனால் கையில் வாக்குமூலம் இருந்தது. அதனால் அந்தப் பெண்ணுக்கு வேறொரு பையனோடு முன்பே உறவு இருந்திருக்கும், விந்தணு அவனுடையதாக இருக்கும் என்று அரசுத் தரப்பு வாதிட்டது. அந்தப் பையனைச் சோதித்துப் பார்க்கவும் இல்லை, அப்படி ஓர் உறவு இருந்ததற்கு ஆதாரம் காட்டவும் இல்லை. இறந்துபோன ஒரு சிறுமியின் பெயரைக் கெடுத்தாவது வாக்குமூலத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

1990 டிசம்பரில் ஜூரி அவன் குற்றவாளி என்றது. 1991 ஜனவரியில் 15 ஆண்டு முதல் ஆயுள் வரை என்று தண்டனை. மேல்முறையீடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கூட்டாட்சி நீதிமன்றத்துக்கான மனு, கெடு பற்றி நீதிமன்ற அலுவலகம் தவறான தகவல் தந்ததால் 4 நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அந்த 4 நாளுக்காகவே அதை உள்ளே எடுத்துப் பார்க்க மறுத்துவிட்டார்கள்.

2006இல், தவறாகத் தண்டிக்கப்பட்டவர்களுக்காகப் போராடும் இன்னசென்ஸ் ப்ராஜெக்ட் அமைப்பு வழக்கைக் கையில் எடுத்தது. புதிதாகப் பதவிக்கு வந்திருந்த மாவட்ட அரசு வழக்கறிஞர் ஜேனட் டிஃபியோரி, அந்த டிஎன்ஏவை மாநிலத் தரவுத்தளத்தோடு ஒப்பிட ஒப்புக்கொண்டார். அவருக்கு முன் இருந்தவர் மறுத்துவந்த விஷயம் அது. பொருத்தம் கிடைத்தது. அந்த ஆள் ஏற்கெனவே வேறொரு கொலைக்காகச் சிறையில் இருந்தான். கேட்டபோது இந்தக் கொலையையும் ஒப்புக்கொண்டான். செப்டம்பரில் டெஸ்கோவிக் வெளியே வந்தார், நவம்பரில் அவர் நிரபராதி என்ற அடிப்படையிலேயே குற்றச்சாட்டு தள்ளுபடியானது. உள்ளே போனபோது பதின்வயது, வெளியே வந்தபோது 32.

அந்த இன்னொரு கொலை நடந்தது 1993இல். அதாவது டெஸ்கோவிக் சிறையில் இருந்தபோது உண்மைக் கொலையாளி வெளியே இருந்து இன்னொரு பெண்ணைக் கொன்றிருக்கிறான். அவள் இரண்டு குழந்தைகளுக்குத் தாய். பாலிகிராஃப் அறை முறைகேடுகளைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்தக் கணக்கையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும்.

கருவி என்ன செய்கிறது, செய்வதில்லை

மார்பிலும் வயிற்றிலும் கட்டிய குழாய்கள் மூச்சை அளக்கின்றன. கையில் சுற்றிய பட்டை இரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் பார்க்கிறது. விரல்களில் பொருத்திய தகடுகள் வியர்வையால் தோலின் மின்கடத்தல் மாறுவதைப் பதிகின்றன. இவ்வளவுதான். பொய் என்று எதுவும் உள்ளே போய் அளக்கப்படுவதில்லை. உடல் கிளர்ச்சியை மட்டும் கருவி வரைகிறது. அந்தக் கிளர்ச்சி குற்ற உணர்வா, பயமா, அவமானமா, கோபமா என்று வரைபடத்தில் எழுதியிருக்காது. அதை எழுதுபவர் எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதர்.

போலீஸ் சோதனைகளில் பரவலாக இருப்பது, பாலிகிராஃப் சோதனையாளர் ஜான் ரீட் 1947இல் முன்வைத்த ஒப்பீட்டுக் கேள்வி முறையிலிருந்து வளர்ந்தது. வழக்கோடு சம்பந்தப்பட்ட கேள்விகளுக்கு நடுவே, "வாழ்க்கையில் யாரையாவது வேண்டுமென்றே காயப்படுத்தியிருக்கிறாயா" என்பது போன்ற பொதுவான கேள்விகள் வரும். நிரபராதி இந்தப் பொதுக் கேள்விகளுக்கு அதிகம் தடுமாறுவான், குற்றவாளி வழக்குக் கேள்விக்கு அதிகம் தடுமாறுவான் என்பது கோட்பாடு. இது வேலை செய்ய வேண்டுமென்றால், பொதுக் கேள்வியும் பெரிய விஷயம்தான் என்று சோதிக்கப்படுபவரை முதலில் நம்பவைக்க வேண்டும். ஆக, ஒழுங்காக நடத்தப்படும் சோதனையின் அடித்தளத்திலேயே கொஞ்சம் ஏமாற்று இருக்கிறது. சோதனைக்கு முன் ஒரு சீட்டை எடுக்கச் சொல்லி, எந்த எண் என்று கருவியே கண்டுபிடித்துவிட்டதாகக் காட்டும் பழக்கமும் உண்டு. கருவி தவறாது என்று நம்பவைப்பதற்கான ஏற்பாடு அது.

அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2003இல் இந்தத் துறையின் ஆய்வுகளை அலசி அறிக்கை தந்தது. குறிப்பிட்ட ஒரு சம்பவம் பற்றிய சோதனையில் பாலிகிராஃப் குருட்டு ஊகத்தைவிட மேலாகத்தான் செய்கிறது, ஆனால் குறையில்லாத நிலையிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது, ஆய்வுகளின் தரமும் மொத்தத்தில் குறைவு என்பது அதன் சாரம். நீதிமன்றங்களின் தயக்கம் இதைவிடப் பழையது. 1923இல் ஃப்ரை வழக்கில், இன்றைய பாலிகிராஃபுக்கு முன்னோடியான இரத்த அழுத்தச் சோதனையை வாஷிங்டன் நீதிமன்றம் ஏற்கவில்லை. 1998இல் ஷெஃபர் வழக்கில், ராணுவ நீதிமன்றங்களில் பாலிகிராஃபுக்கு இருந்த முழுத்தடை செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். நியூயார்க் நீதிமன்றங்களும் சோதனை முடிவைச் சாட்சியமாக ஏற்பதில்லை.

நல்லதுதானே என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் விளைவைப் பாருங்கள். முடிவு நீதிமன்றத்துக்கு வராது என்பதால் வரைபடத்தை எதிர்த்தரப்பு நிபுணர் குறுக்கு விசாரணை செய்யும் சந்தர்ப்பமே வருவதில்லை. கேள்விகள் சரியாக அமைக்கப்பட்டனவா, மதிப்பெண் சரியாகப் போடப்பட்டதா, தோல்வி என்று சொன்னது உண்மையா, பொய்யா? யாரும் கேட்கப் போவதில்லை. அந்த முடிவைக் காட்டி மிரட்டி வாங்கிய வாக்குமூலம் மட்டும் தாராளமாக உள்ளே வந்துவிடுகிறது. வெளியே நிறுத்தப்பட்ட சாட்சியம் பின்வாசல் வழியாக வேறு உருவத்தில் நுழைகிறது. டெஸ்கோவிக்கின் விசாரணைக்கு முன்பு வாக்குமூலத்தை விலக்கச் சொல்லிக் கேட்டார்கள், நீதிபதி அனுமதித்துவிட்டார்.

மீறல் எங்கே

பாலிகிராஃப் அமர்வு மூன்று கட்டம். முன் உரையாடல், சோதனை, பின் உரையாடல். முதல் கட்டத்தில் சோதனையாளர் நடுநிலை நிபுணராக அறிமுகமாகிறார். சோதிக்கப்படுபவர் ஒத்துழைப்பதே அந்த நம்பிக்கையில்தான். மூன்றாவது கட்டத்தில் அதே நபர் குற்றம் சாட்டுபவராக மாறுகிறார். எடை போடுபவனே கொள்முதல் செய்பவனாகவும் இருந்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. போலீஸ் துறைகளில் சோதனையாளரின் திறமை எத்தனை வரைபடத்தைச் சரியாகப் படித்தார் என்பதில் அளக்கப்படுவதில்லை, எத்தனை வாக்குமூலம் கொண்டுவந்தார் என்பதில்தான் அவருக்குப் பெயர் வருகிறது. அப்படிப் பெயர் எடுத்தவரிடம் ஒரு நிரபராதி போய் உட்கார்ந்தால், சோதனையில் தேறுவது என்ற ஒன்றே அங்கு இருக்காது.

இரண்டாவது, சோதிக்கத் தகுந்த நிலை. வயது, உறக்கம், உணவு, மனநிலை இதையெல்லாம் பார்த்து, இந்த ஆளை இன்று சோதிக்கலாமா என்று முடிவெடுப்பது சோதனையாளரின் முதல் கடமை. ஏனென்றால் அவர் அளப்பதே உடல் கிளர்ச்சியை. காலையிலிருந்து சாப்பிடாமல், காபியாகக் குடித்துக்கொண்டு, பல வாரங்களாகச் சந்தேகத்தின் நிழலில் இருந்த 16 வயதுப் பையனின் நாடித்துடிப்பு எதைச் சொல்லும்? மூன்றாவது சுற்றில் வரும் கோடுகள் முதல் இரண்டு சுற்றுகள் அவனை என்ன செய்தன என்பதைத்தான் காட்டும். துறையின் சொந்த அளவுகோலின்படியே அந்தச் சோதனையை நிறுத்தியிருக்க வேண்டும்.

மூன்றாவது, முடிவைச் சொல்லும் விதம். "இந்தக் கேள்விக்கு உன் உடலில் அதிக மாற்றம் தெரிந்தது" என்பது ஓர் அவதானிப்பு. "நீதான் செய்தாய் என்று சோதனை சொல்கிறது" என்பது வேறு. கருவிக்குத் தெரியாத ஒன்றைக் கருவி சொன்னதாகச் சொல்வது அது. தெரிந்தே சொன்னால் பொய். தெரியாமல் சொன்னால் அந்த நாற்காலியில் உட்காரத் தகுதியில்லை. இரண்டில் எது மோசம் என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.

போலீஸ் தரப்பில் இதற்கு ஒரு பதில் உண்டு, அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. விசாரணையில் போலீஸ் பொய் சொல்வது அமெரிக்காவில் பொதுவாகச் சட்டவிரோதம் அல்ல. 1969இல் ஃப்ரேசியர் எதிர் கப் வழக்கில், கூட்டாளி ஒப்புக்கொண்டுவிட்டான் என்று போலீஸ் பொய் சொல்லி வாங்கிய வாக்குமூலத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது. அப்படியானால் சோதனையில் தோற்றுவிட்டாய் என்று பொய் சொல்வதில் என்ன வித்தியாசம்? வித்தியாசம் இருக்கிறது. "உன் கூட்டாளி சொல்லிவிட்டான்" என்றால் நிரபராதி அவன் பொய் சொல்கிறான் என்று திருப்பிச் சொல்லலாம். "உன் உடம்பே சொல்லிவிட்டது" என்றால் யாரைக் குற்றம் சொல்வது? தன் நினைவையே சந்தேகிக்க ஆரம்பித்துவிடுவான். அதிலும் துப்பறிவாளர் பொய் சொல்லக்கூடும் என்று எல்லோரும் எதிர்பார்க்கலாம். அளவீட்டு நிபுணராக அறிமுகமானவர் சொல்வார் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

நான்காவதாக, பதிவு இல்லாதது. கொலையாளிக்கு மட்டுமே தெரிந்த விவரங்களை அவன் சொன்னான் என்பதே வாக்குமூலத்தின் பலமாகக் காட்டப்பட்டது. அந்த விவரங்களைப் போலீஸ்தான் முந்தைய வாரங்களிலும் அன்றும் அவனுக்கு ஊட்டியது என்பது டெஸ்கோவிக் தரப்பின் வாதம். ஒலிநாடா ஓடியிருந்தால் எந்த விவரம் யார் வாயிலிருந்து முதலில் வந்தது என்று ஒரு மதிய நேரத்தில் தீர்த்திருக்கலாம். ஓடவில்லை. கால் நூற்றாண்டு கழித்து ஒரு சிவில் ஜூரி, மனிதர்களின் நம்பகத்தன்மையை மட்டும் வைத்து அதைத் தீர்மானிக்க வேண்டியதாயிற்று.

பதிவு இருந்த ஒரு வழக்கு

ஒலிநாடா இருந்தால் என்ன தெரியவரும் என்பதற்குக் கனெக்டிகட்டின் பீட்டர் ரெய்லி வழக்கு இருக்கிறது. 1973 செப்டம்பர் 28 இரவு, 18 வயது ரெய்லி வீட்டுக்கு வந்தபோது தாய் கொலையுண்டு கிடந்தார். உதவிக்கு அழைத்தது அவர்தான். அன்றிரவே போலீஸ் அவரைத் தன்னோடு வைத்துக்கொண்டது, மறுநாள் ஹார்ட்ஃபோர்டில் மாநிலப் போலீஸின் பாலிகிராஃப் சோதனை. அந்த அமர்வும் அதைத் தொடர்ந்த விசாரணையும் நாடாவில் பதிவாகின.

கேட்பவருக்கு ஒரு மனிதனின் நினைவு கண்ணெதிரே கரைவது புரியும். இந்தக் கருவி என் மூளையைப் படிக்குமா என்று ரெய்லி கேட்கிறார், நிச்சயமாக என்ற பதில் வருகிறது. தாயைக் காயப்படுத்திவிட்டு அது நினைவிலிருந்து மறைந்திருக்கலாம் என்று கருவியின் பெயரில் எடுத்துச் சொல்லப்படுகிறது. போலீஸ் மேல் மரியாதை வைத்திருந்த பையன், அப்படியும் இருக்குமோ என்று இறங்கி வருகிறான். கடைசியில் வாக்குமூலம்.

1974இல் ரெய்லிக்கு 6 முதல் 16 ஆண்டுகள் வரை சிறை விதிக்கப்பட்டது. ஊர்க்காரர்கள் ஜாமீன் பணம் திரட்டினார்கள், நாடக ஆசிரியர் ஆர்தர் மில்லர் உட்படப் பலர் துணைக்கு வந்தார்கள். 1976இல் தண்டனை விதித்த அதே நீதிபதியே மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். அப்புறம் அரசு வழக்கறிஞர் இறந்துபோக, பதவிக்கு வந்தவர் பழைய கோப்பைப் புரட்டினார். கொலை நேரத்தில் ரெய்லியை வேறிடத்தில் பார்த்ததாகச் சொன்ன சாட்சியின் வாக்குமூலம் அதற்குள் கிடந்தது. குற்றச்சாட்டு தள்ளுபடி.

நாடா இருந்தும் முதல் ஜூரி தண்டித்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கருவி சொன்னதைக் கேட்டு ஒருவன் மாறுவதை, உண்மை வெளிவருவதாகவே அவர்கள் எடுத்துக்கொண்டிருப்பார்கள் போல. ஆனாலும் பின்னால் வந்தவர்கள் அந்த அறையைத் திறந்து பார்க்க முடிந்தது அந்த நாடாவால்தான். டெஸ்கோவிக்குக்கு அந்தச் சாளரம் கிடைக்கவில்லை.

ஒப்பீட்டுக் கேள்வி முறையைத் தந்த ரீடின் கதையிலும் இப்படி ஒரு வழக்கு உண்டு. 1955இல் நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் மனைவியைப் பறிகொடுத்த டேரல் பார்க்கரிடமிருந்து வாக்குமூலம் வாங்கியவர் ரீட்தான், அதில் பொய் கண்டறியும் கருவியும் பங்கு வகித்தது. பார்க்கர் மறுநாளே மறுத்தார். வேறொருவன் செய்திருந்த ஒப்புதல் பிற்பாடு வெளிவந்தது. 2012இல் நெப்ராஸ்கா மாநிலம் மன்னிப்புக் கேட்டு 5 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. இல்லினாயில் 1992இல் கைதான ஹுவான் ரிவேராவை, பல நாள் நீண்ட விசாரணையின் நடுவே ரீடின் பெயர் தாங்கிய நிறுவனத்துக்கு பாலிகிராஃபுக்காகக் கொண்டுபோனார்கள். மூன்று முறை தண்டிக்கப்பட்டு, டிஎன்ஏ அவரை விலக்கிய பிறகும் ஆண்டுக்கணக்காகப் போராடி, 2012இல் வெளியே வந்தார். 2015இல் கிடைத்த 2 கோடி டாலர் உடன்பாட்டில் 20 லட்சம் அந்த நிறுவனத்தின் பங்கு.

பொறுப்பு யாருடையது

டெஸ்கோவிக் வழக்கை அலச மாவட்ட அரசு வழக்கறிஞர் டிஃபியோரி ஒரு குழு அமைத்தார். ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவர், முன்னாள் மாவட்ட அரசு வழக்கறிஞர் ஒருவர், சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவர். 2007இல் வந்த அறிக்கை, பீக்ஸ்கில் போலீஸார் ஒரே பையன் மேல் கண்ணை வைத்துக்கொண்டு மற்ற திசைகளைப் பார்க்காமல் விட்டதையும், டிஎன்ஏ முடிவுக்குப் பிறகும் அரசுத் தரப்பு விடாப்பிடியாக இருந்ததையும், எதிர்த்தரப்பு வக்கீலின் பலவீனத்தையும் சுட்டியது. நேர்மையான அறிக்கை. ஆனால் தவறு எல்லோர் மேலும் பரவிவிடும்போது, சோதனையாளரின் தனிப்பட்ட பொறுப்பு மெலிந்துபோகும் ஆபத்து இருக்கிறது. 2014இன் ஜூரி தீர்ப்புக்கு மதிப்பு அங்கேதான். சோதனை நடத்தினேன், அவ்வளவுதான் என்று ஒதுங்க அது இடம் தரவில்லை.

அதே சமயம் அந்தத் தீர்ப்பு வந்த விதத்தையும் பார்க்க வேண்டும். டிஎன்ஏ கிடைத்து, அது பாதுகாக்கப்பட்டிருந்து, தரவுத்தளத்தில் பொருத்தமும் கிடைத்து, உண்மைக் கொலையாளி ஒப்புக்கொண்டு, பிறகு சிவில் வழக்கு போட்டு வென்றால்தான் சோதனை அறையில் நடந்தது வெளியே தெரிகிறது. கொள்ளை வழக்கிலும் தீ வைத்த வழக்கிலும் விந்தணு கிடைக்காது. அங்கெல்லாம் "சோதனையில் தோற்றதும் ஒப்புக்கொண்டான்" என்ற ஒரு வரி போலீஸ் அறிக்கையில் அப்படியே நிற்கும்.

சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. நியூயார்க்கில் 2018 ஏப்ரல் முதல், கடுமையான குற்றங்களில் காவலில் வைத்து நடத்தும் விசாரணையை வீடியோவில் பதிய வேண்டும். இல்லினாயும் ஓரிகனும் 2021இல், சிறாரை விசாரிக்கும்போது பொய்யான தகவல் சொல்லி ஏமாற்றுவதைத் தடுக்கும் சட்டம் கொண்டுவந்தன. 16 வயதுப் பையனிடம் தோற்றுவிட்டாய் என்று பொய் சொல்லும் வேலைக்கு அங்கே இனி விலை உண்டு. ஆனால் நியூயார்க் சட்டத்திலுள்ள "காவலில்" என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். பாலிகிராஃபுக்கு வருபவர் தானாக விரும்பி வந்தவர், கைதானவர் அல்ல, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்பதுதான் போலீஸ் தரப்பின் வழக்கமான வாதம். டெஸ்கோவிக்கும் காகிதத்தில் அப்படித்தான் ப்ரூஸ்டருக்குப் போனான். ஆகவே சோதனை நடக்கும் அறை எதுவானாலும், கைது உண்டோ இல்லையோ, முன் உரையாடலின் முதல் வார்த்தையிலிருந்து கேமரா ஓட வேண்டும் என்று தனியாக எழுதினால்தான் ஓட்டை அடையும். அதோடு, வரைபடத்தைச் சோதனை நடத்தாத இன்னொருவர் வழக்கு விவரம் தெரியாமல் மதிப்பிடும் வரை, முடிவு என்று எதையும் எதிரே இருப்பவரிடம் சொல்லக்கூடாது. சோதித்தவர் பின் உரையாடலில் விசாரிக்கவும் கூடாது. போலீஸ் துறைகள் இதை விரும்பாது, ஏனென்றால் பாலிகிராஃபால் அவர்களுக்குக் கிடைக்கும் பலனே அந்தப் பின் உரையாடலில்தான் இருக்கிறது.

இதில் ஒரு விசித்திரம். 1988இல் அமெரிக்கக் காங்கிரஸ் பணியாளர் பாலிகிராஃப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. தனியார் முதலாளிகள் வேலைக்காரர்களைச் சோதிப்பதைப் பெரும்பாலும் தடை செய்தது. அனுமதித்த சில இடங்களிலும் கறாரான விதிகள் வைத்தது. சோதனை 90 நிமிடத்துக்குக் குறையக்கூடாது, ஒரு சோதனையாளர் ஒரு நாளில் ஐந்துக்கு மேல் நடத்தக்கூடாது, கேள்விகளை முன்கூட்டியே எழுத்தில் காட்ட வேண்டும், எந்த நேரத்திலும் நிறுத்தச் சொல்லும் உரிமை உண்டு, இழிவுபடுத்தும் விதமாகக் கேள்வி கேட்கக்கூடாது. அந்தச் சட்டம் வந்து இரண்டு ஆண்டுக்குள்தான் டெஸ்கோவிக் அந்த அறையில் உட்கார்ந்தான். கடையில் பணம் காணாமல் போனதற்காக ஒரு கணக்காளரைச் சோதிப்பதென்றால் இத்தனையும் பார்க்க வேண்டும். கொலை வழக்கில் பள்ளி மாணவனைச் சோதித்த ஷெரிஃப் துறைக்கு இதில் ஒன்றும் பொருந்தவில்லை. அந்தச் சட்டம் ஆளுவது முதலாளி, தொழிலாளி உறவை. அதிலும் கூட்டாட்சி, மாநில, உள்ளாட்சி அரசுகளுக்கு முழு விலக்கு. போலீஸ் விசாரணை அறை அதன் எல்லைக்குள் அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை.